பாசியைப் பார்த்துத் தூண்டிலை எடு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, தவளையை அறுத்துக் காட்டுவது. இன்னொன்று, தவளையைக் காட்டி விரால் பிடிப்பது. முதலாவதை இப்போது பள்ளிக்கூடங்களில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறேன். சிரிக்க வேண்டாம். முடிக்கும்போது நம் ஊர்க் கண்மாய்களைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன். அதுவரைக்கும் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கல்லூரி இருப்பது நாகமலை அடிவாரத்தில். பாம்பு படுத்துக் கிடப்பதுபோல் நீண்டு கிடக்கிற மலை. திருவிளையாடல் புராணக் கதையும் இது பாம்பு மலையாக மாறியது என்றே சொல்கிறது. விரால் மீனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்ன தெரியுமா? பாம்புத்தலை மீன். தலையில் பெரிய பெரிய செதில், தட்டையான மண்டை, மேலே பார்த்த கண். பாம்பு மலை அடிவாரத்தில் பாம்புத்தலை மீனைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானே!

நம் பக்கத்துக் கண்மாய்களில் இந்தக் குடும்பத்து மீன்களில் முக்கியமானவை விரால், குரவை இரண்டும். விராலைப் பழைய இலக்கியங்கள் வரால் என்று சொல்லும். 1793-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிளாக் என்ற மீனியல் அறிஞர் இந்த இரண்டுக்கும் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். விலங்கியல் மாணவர்கள் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். தூண்டில் போடுகிறவனுக்கு அந்தப் பெயரைவிட அந்த மீனின் மூச்சு முக்கியம்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்தே ஆகவேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் முங்கிச் சாகும் என்றால் நம்புவீர்களா? விரால் சாகும். இதனால் அதற்கு ஒரு லாபமும் உண்டு. மற்ற மீன்கள் வாழ முடியாத சூடான, கலங்கலான, பாசி அடைத்த, முழங்கால் ஆழத் தண்ணீரில் அது ராஜாவாக இருக்கும். தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை நாளில் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கே போய்விடும்.

இன்னொரு குணம், அது துரத்திப் போய்ப் பிடிக்கிற மீன் இல்லை. மறைந்திருந்து பாய்கிற மீன். தாமரை இலைக்கு அடியில், சம்புத் தூருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும். தவளை, கெண்டைக்குஞ்சு, தட்டான் என்று எது அருகில் போனாலும் ஒரே அடி. ஆக, ஆழம் குறைந்து செடி அடர்ந்த இடம்தான் விராலின் வீடு. அங்கேதான் நம் தூண்டில் போய்ச் சிக்கிக்கொண்டு திரும்பி வராது. விரால் தூண்டிலின் மொத்தச் சிக்கலும் இதுதான்.

நம் கண்மாய்களின் அமைப்பைப் பாருங்கள். கரைப்பக்கம், மடைப்பக்கம் ஆழம். எதிர்ப்பக்கம் உள்வாய். அது போகப்போக ஆழம் குறைந்து, கடைசியில் கோரையும் புல்லுமாக வயலோடு போய்ச் சேரும். வைகையிலிருந்து கால்வாய் வழியாக நிறைகிற கீழமாத்தூர், துவரிமான், மாடக்குளம் கண்மாய்களானாலும் சரி, மழையை நம்பி இருக்கிற சிறு கண்மாய்களானாலும் சரி, அமைப்பு இதேதான். வலை போடுகிறவர்கள் ஆழத்தைப் பார்ப்பார்கள். விராலைத் தேடுகிறவன் உள்வாய்க்குப் போகவேண்டும்.

நான் படித்த காலத்தில் நம்மிடம் இருந்த சாமான் என்ன? ஒரு மூங்கில் கம்பு, ஐந்து முழம் தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, முள்ளில் ஒரு உயிர்த்தவளை. தவளை இல்லாவிட்டால் மண்புழு. புழுவைக் குரவையும் கெளுத்தியும் தின்றுவிட்டுப் போகும். விராலுக்குத் தவளைதான். ஆனால் செடிக்குள்ளே போட்டால் முள் இலையில் மாட்டும். வெளியே போட்டால் விரால் வராது. அப்போது ஒரு பெரியவர் உள்வாயில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, காலேசுல படிக்கிறீகளா? மீனப் பாத்துத் தூண்டி போடாதீக. பாசியப் பாத்துப் போடுங்க. மீனு எங்க நிக்கும்னு பாசி சொல்லும்."

"எந்தப் பாசிய்யா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பாசிக்கும் ஒவ்வொரு வித்தை இருக்கு. சும்மாவா சொல்லித் தருவாக?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பீடிக்கட்டுக்கு அடி போட்டார். அந்தப் பீடிக்கட்டில் நான் வாங்கிய பாடத்தைத்தான் இன்றைக்கு உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. பரீட்சையில் நீங்கள் வாங்குகிற பாஸ் இல்லை. நன்னீரில், சதுப்பில், அல்லிக்கொடிக்கு நடுவில் மறைந்திருந்து பாய்கிற பெரிய வாய் மீன். அங்கே அதைப் பிடிப்பது கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு. அதற்காகவே போலி இரைகள் செய்து விற்கிறார்கள். அவற்றை லூர் என்பார்கள். 1890-களிலேயே மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் மரத்தில் தவளை செதுக்கித் தூண்டிலில் கட்டினார். 1950-களில் உள்ளே கூடான, அமுக்கினால் அமுங்குகிற தவளை லூர் வந்தது. நம் நாட்டுக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியும் ஒரு புத்தகம் உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-இலேயே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று அதை எழுதினார்.

பாஸ் மீனுக்கும் விராலுக்கும் ரத்த உறவு கிடையாது. ஆனால் குடியிருக்கிற வீடும் வேட்டையாடுகிற விதமும் ஒன்று. அதனால் அதற்குச் செய்த லூர் இதற்கும் வேலை செய்கிறது. மலேசியாவில் வேலை பார்க்கும் என் மகன் முதன்முதலாக ஒரு பெட்டி லூர் கொண்டுவந்து கொடுத்தான். அங்கே நம் விராலை ஹாருவான் என்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் காயம் ஆறவேண்டும் என்று சமைத்துக் கொடுக்கிறார்கள். நம்ம ஊரிலும் உடம்பு தேற விரால் குழம்பு வைப்போமே, அதே நம்பிக்கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு வராது.

முதலாவது, மேலே மூடிக் கிடக்கும் செடி. வெங்காயத்தாமரை, சிலர் இதையே ஆகாயத்தாமரை என்பார்கள். அல்லது இலைமேல் இலை படர்ந்த தாமரை. தண்ணீரே தெரியாது. இங்கே தவளை லூர் ஒன்றுதான் உதவும். அதன் உடம்பு கூடாக இருக்கும். இரட்டை முள் முதுகோடு ஒட்டி, நுனி மேலே பார்த்தபடி இருக்கும். இலைமேல் இழுத்தால் மாட்டாது. விரால் கடித்தால் உடம்பு அமுங்கும், முள் வெளியே வரும். இவ்வளவுதான் சூட்சுமம். கொஞ்சம் கனமான தவளையாக, 15 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். அந்தக் கனத்தில் இலை ஆடவேண்டும். அந்த ஆட்டம்தான் அடியில் நிற்கிற விராலுக்குத் தந்தி. இழுத்துக்கொண்டே வந்து, இலைகளுக்கு நடுவே கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் அடி விழுவது அந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது, அல்லியும் கொட்டியும் விட்டுவிட்டுப் படர்ந்த இடம். பாதி இலை, பாதி தண்ணீர். இங்கே கனமான தவளை தொப்பென்று விழுந்து மீனை விரட்டும். சின்னத் தவளை போதும். இல்லாவிட்டால் கம்பித் தடுப்பு வைத்த ஸ்பூன். பளபளக்கும் தகடு, முள்ளுக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி. செடியில் பட்டால் கம்பி தள்ளிக்கொள்ளும், மீன் கடித்தால் வளைந்துகொடுக்கும். விழ வேண்டிய இடத்துக்கு மேலேயே போடாமல், அதைத் தாண்டி இரண்டு முழம் தள்ளிப் போட்டு இழுத்து வாருங்கள். விரால் தலைமேல் கல் விழுந்தால் நிற்காது. பக்கத்தில் தவளை நீந்தினால் நிற்கும்.

மூன்றாவது, தண்ணீருக்குள்ளேயே வளரும் வேலம்பாசி. மேலே ஒரு ஜாண், ஒரு முழம் தெளிந்த தண்ணீர், கீழே பாசிக்காடு. இங்கே ரப்பர் மீன் நல்லது. முள்ளை அதன் உடம்புக்குள் செருகி, நுனியை வெளியே காட்டாமல் முதுகுத்தோலுக்குள் புதைத்துவிட வேண்டும். பாசியின் தலையை உரசுகிற மாதிரி மெதுவாகச் சுற்ற வேண்டும். உள்ளே இறங்கினால் பாசி மூட்டை வரும். மேலே ரொம்பத் துள்ளினால் மீன் நம்பாது.

நான்காவது, சம்பும் கோரையும் நிற்கும் ஓரம். நேராக நிற்கிற தண்டுகள். அதற்குள் எறியாதீர்கள். ஓரத்தோடு ஓரமாக, வேலிக்கு இணையாக நடப்பதுபோல லூரை இழுங்கள். தகடு சுழல்கிற ஸ்பின்னர் பெய்ட் இங்கே நன்றாக வேலை செய்யும். கலங்கல் தண்ணீரில் கண்ணால் பார்ப்பதைவிட அதிர்வால் உணர்வதுதான் அதிகம். சுழலும் தகடு அந்த அதிர்வைக் கொடுக்கும்.

ஐந்தாவது, செடியே இல்லாத வெட்டவெளி. அங்கே மூன்று முள் தொங்கும் பிளாஸ்டிக் மீன் போடலாம். ஆனால் அங்கே விரால் குறைவு. கடையில் பார்க்க அதுதான் அழகாக இருக்கும். முதன்முதலாக வாங்குகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். உள்வாயில் முதல் எறியிலேயே அது சம்புக்குப் போய்ச் சேரும். ஒரு லூர் நாலைந்து நூறு ரூபாய். தம்பிமார்களே, உங்கள் பாக்கெட் மணியைக் காப்பாற்றுகிறேன்.

நிறம் என்ன என்று கேட்பீர்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் தெரிவது ஒரு நிழல்தான். மப்பு மந்தாரத்திலும் விடிகாலையிலும் கருப்பு போதும். நாங்கள் தேய்ந்த ஹவாய் செருப்பை வெட்டித் தவளை செய்து விரால் பிடித்திருக்கிறோம். அதில் கண்ணும் இல்லை, வண்ணமும் இல்லை. நீந்துகிற தினுசு இருந்தது, செடியில் மாட்டாமல் வந்தது. விரால் கேட்கிறது அவ்வளவே.

பாஸ் மீனுக்குச் சொல்லப்பட்ட எல்லாம் விராலுக்கு அப்படியே பொருந்தாது. பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். விரால் பல்லால் கவ்வும். அதன் தாடை எலும்பு கெட்டி. மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். கெட்டியான முள் வேண்டும். அடி விழுந்த சத்தம் கேட்டதும் பதறி இழுத்தால் தவளை மட்டும் நம் முகத்துக்குப் பறந்து வரும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லுங்கள். நூல் இறுகுவது கையில் தெரிந்த பிறகு ஒரே சுண்டு. அதன்பின் தயவு தாட்சண்யம் கூடாது. ஒரு நொடி விட்டால் பாசிக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். ஆறரை முதல் ஏழு அடி விறைப்பான கம்பு, 40, 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் இரண்டும் அதற்காகத்தான். மீன் இரண்டு கிலோதான், அதன்மேல் சுற்றிக்கொண்டு வரும் செடி ஐந்து கிலோ. பின்னல் நூல் தண்டை அறுத்துக்கொண்டு வரும். தங்கூஸ் நரம்பு நீண்டுகொடுக்கும், அடர்ந்த செடியில் அது ஆகாது.

வித்தை இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் பாதி வாத்தியார் வேலைதான் செய்தவனாவேன். மறுபாதி இருக்கிறது.

மழைக்காலத்தில் கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் ஜோடி ஓரத்துச் செடியை விலக்கி ஒரு வட்டமான இடம் ஒதுக்கும். மஞ்சள் மணியாக முட்டை மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரியும். கொஞ்ச நாளில் அந்தக் குஞ்சுகள் அடுப்புக் கங்கைத் தண்ணீரில் கொட்டினதுபோல் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக மேலே வந்து வந்து போகும். அவற்றுக்கும் காற்று வேண்டுமே! தகப்பன் மீன், பல நேரம் தாயும் சேர்ந்து, அந்தக் கூட்டத்துக்குக் கீழேயே நிற்கும். சில வாரங்களுக்குக் காவல். பாம்பு வந்தாலும் நாரை வந்தாலும் பாயும்.

அந்தச் சிவப்புக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தவளை லூரைப் போட்டு நாலு இழுப்பு இழுங்கள். கட்டாயம் அடிக்கும். பசி இல்லாவிட்டாலும் அடிக்கும், பிள்ளையைக் காப்பாற்ற அடிக்கும். இதைவிடச் சுலபமான மீன்பிடிப்பு உலகத்தில் இல்லை. பல நாடுகளில் இதை ஒரு உத்தியாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். காவல் போன அடுத்த நிமிஷமே கெண்டையும் ஜிலேபியும் தண்ணீர்ப்பாம்பும் அந்த ஆயிரக்கணக்கான குஞ்சைத் தின்ன ஆரம்பித்துவிடும். நீங்கள் தூக்கியது ஒரு மீன். கண்மாய் இழந்தது அடுத்த வருஷத்து விரால் அத்தனையும்.

பீடிக்கட்டு வாங்கிய பெரியவர் இதைத்தான் கடைசிப் பாடமாகச் சொன்னார்: "செவப்பு தெரிஞ்சா தூண்டியச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போயிருங்க தம்பி. புள்ளக்காரனை அடிக்கக் கூடாது." மலேசியாவிலிருந்து வந்த எந்த லூர் பெட்டியின் மேலும் இந்த வாசகம் அச்சடிக்கப்படவில்லை.

உயிர்த்தவளையை முள்ளில் குத்துவதையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நம் நாடு தவளைக்காலை வெட்டி ஏற்றுமதி செய்தது. வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்ற எதிர்ப்புக்குப் பிறகு 1987-இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ரப்பர்த் தவளை இருக்கும்போது உயிர்த்தவளை எதற்கு?

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் குரோஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் ஒருவர் தூண்டிலில் ஒரு புது மீன் பிடித்தார். பார்த்தால் விரால் சாதி! சீன தேசத்து விரால். விசாரித்ததில், உடம்பு சரியில்லாத தங்கைக்குச் சூப் வைக்க ஒருவர் உயிரோடு வாங்கியதும், தேவைப்படாமல் போகவே இரண்டைக் குளத்தில் விட்டதும் தெரியவந்தது. அந்தக் குளத்துக்கே மருந்து போட்டார்கள். 6 பெரிய மீனும் ஆயிரத்துக்கு மேல் குஞ்சும் செத்து மிதந்தன. அந்த ஆண்டே உயிருள்ள விரால் சாதி மீனை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். ஆனாலும் 2004-இல் பொட்டோமேக் ஆற்றில் அதே மீன் வேறு வழியாக வந்து பரவிவிட்டது. இன்றைக்கு அங்கே பாஸ் பிடிக்கப் போகிறவன் தவளை லூர் போட்டால் விரால் அடிக்கிறது. "பிடித்தால் திருப்பி விடாதே, சமைத்துச் சாப்பிடு" என்று அரசாங்கமே சொல்கிறது.

அங்கே அந்நியனாகப் போய் வேண்டாதவனான மீன் இங்கே சொந்த வீட்டுக்காரன். நம் கண்மாயில் அந்நியனாக வந்தவை வேறு. ஜிலேபி, தடை செய்த பிறகும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தி, மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய்க் கொண்டுவந்து கொட்டுகிற கலர் மீன். மாணவர்களே, விடுதி அறையில் மீன் வளர்த்தால், ஊருக்குப் போகும்போது துவரிமான் கண்மாயில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குரோஃப்டன் குளத்துக்காரரும் நல்ல மனசோடுதான் விட்டார்.

இப்போது நான் முதலில் சொன்ன கோரிக்கை.

மதுரையைச் சுற்றி உலகனேரி, தல்லாகுளம் என்று பெயரில் மட்டும் தண்ணீர் நிற்கிற இடங்கள் இருக்கின்றன. பெயரிலும் தண்ணீர், நிஜத்திலும் தண்ணீர் என்று மிச்சமிருக்கிற கண்மாய்களைக் காப்பாற்ற இன்று பலர் முன்வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் தூர்வாருவது என்றால் ஓரத்தையெல்லாம் செங்குத்தாக வெட்டி, செடியை வேரோடு வழித்து, நடைபாதை போட்டு, நடுவில் ஒரு படகு விடுவது என்று ஆகிவிட்டது. வெங்காயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும், அது மூடினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். விரால் மேலே வந்து மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்ளும், மற்ற மீன் சாகும். ஆகவே விரால் இருக்கிறதே, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆனால் கோரையும் அல்லியும் கொட்டியும் சரிந்த ஓரமும் குப்பை அல்ல. விரால் முட்டையிடுவது அங்கே. தவளை வாழ்வது அங்கே. அது போனால், எத்தனை அடி தண்ணீர் நின்றாலும் அது வெறும் தொட்டிதான்.

ஆகவே தாவரவியல், விலங்கியல் துறை மாணவர்களே, ஒரு வேலை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வருகிற தை மாதத்தில், நம் கல்லூரியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய கண்மாய்களுக்குப் போங்கள். எந்த ஓரத்தில் எந்தச் செடி, எவ்வளவு ஆழம், எங்கே சிவப்புக் குஞ்சு தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் வருகிறவர்கள் அதே நோட்டில் தொடரட்டும். பத்து வருஷம் எழுதினால், தூர்வார வருகிற அதிகாரியிடம் "சார், இந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று காரணத்தோடு சொல்ல நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். நோட்டு வாங்கும் செலவும், தேவைப்பட்டால் நாலு தூண்டில் வாங்கும் செலவும் என்னைப்போன்ற பழைய மாணவர்களுடையது. தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார்கள். சாட்சிக்கு நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

போவதற்கு முன் மூன்று எச்சரிக்கை. கண்மாய் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மீனைவிட நம் ராடைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். இரண்டாவது, தண்ணீருக்குள் இறங்காதீர்கள். முழங்கால் ஆழம் என்று நம்பி வைக்கிற அடுத்த அடி, மண் அள்ளிய பள்ளத்தில் இருக்கும். நீச்சல் தெரிந்தாலும் பாசி காலைச் சுற்றினால் ஆபத்து. லூர் மாட்டிக்கொண்டால் நூலை அறுத்துவிடுங்கள், ஐந்நூறு ரூபாய்தான். மூன்றாவது, கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தில் தூண்டில் வேண்டாம். அது அய்யனார் கோயில் குளம். மேலே ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சமணச் சிற்பங்கள், கொல்லாமையைச் சொன்னவர்கள். கீழே கருப்பசாமி, அரிவாளோடு நிற்கிறார். இருவரில் யாரைக் கேட்டாலும் விடை ஒன்றுதான்!

வீட்டுக்கு ஒன்று போதுமென்றால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, வந்த செடிக்கே திருப்பி விடுங்கள். விரால் தண்ணீருக்கு வெளியே கொஞ்ச நேரம் தாங்கும், நம் அவசரத்தை மன்னிக்கும். சிவப்பு தெரிந்தால் மட்டும் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, செயலாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு இருப்பதாகக் கேள்வி. விராலா, ஜிலேபியா என்று போய்ப் பார்ப்போம்.